மதம் மாறினால் எஸ்.சி. சான்றிதழ் கிடைக்குமா?

ஆதிதிராவிடர் குடும்பத்தில் பிறந்தவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்தால் எஸ்.சி. சாதிச் சான்றிதழ் பெற முடியாது. அரசியலமைப்பின் 341ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் 1950இல் வெளியிட்ட ஆணையின் மூன்றாம் பத்தி அப்படிச் சொல்கிறது. தொடக்கத்தில் இந்துக்களுக்கு மட்டுமே இருந்த இந்தத் தகுதி, 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் விரிந்தது. அதோடு நின்றுவிட்டது.

கிறிஸ்தவத்திலும் இஸ்லாத்திலும் தீண்டாமை கிடையாது என்பது ஒன்றிய அரசின் வாதம். சீக்கிய, பௌத்த மதங்களும் சாதியை ஏற்பதில்லை. ஆனாலும் அங்கே தீண்டாமையின் பாதிப்பு தொடர்வதைச் சட்டம் ஒப்புக்கொண்டது. தேவாலயத்துக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும் ஒதுக்கப்படுகிற தலித் கிறிஸ்தவருக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்? பழங்குடியினர் பட்டியலில் இந்த மத நிபந்தனையே இல்லை.

சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஒரு கிறிஸ்தவ ஆதிதிராவிடர் உச்ச நீதிமன்றம் வரை போனார். அதே தொழில் செய்த இந்து ஆதிதிராவிடர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை அவருக்குக் கிடைக்கவில்லை. மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் அவரது மனு தள்ளுபடியானது. தெருவில் உட்கார்ந்து செருப்புத் தைப்பவர் இதற்குமேல் எந்த ஆதாரத்தைக் கொண்டுவருவார்? அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

இழப்பு வேலையோடும் படிப்போடும் முடிவதில்லை. தனித் தொகுதியில் போட்டியிட முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கவும் வழியில்லை. அடி விழும்போது யாரும் மதம் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில், ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவரானவர்கள், எத்தனை தலைமுறைக்கு முன் மாறியிருந்தாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். எனவே பி.சி. சான்றிதழுக்கே விண்ணப்பிக்க வேண்டும். எஸ்.சி. தகுதி கேட்டு 2023 ஏப்ரலில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லி 2007லேயே ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்திருந்தது; ஒன்றிய அரசு அதை ஏற்காமல், 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையத்தை அமைத்தது.

இந்து மதத்துக்குத் திரும்பினால் எஸ்.சி. தகுதியும் திரும்பும். அதற்கு 2015இல் உச்ச நீதிமன்றம் மூன்று நிபந்தனைகள் சொன்னது: முன்னோர் அந்தச் சாதியினர் என்பதற்குத் தெளிவான ஆதாரம், உண்மையாகவே மதம் திரும்பியது, அந்தச் சமூகத்தார் ஏற்றுக்கொண்டது. சான்றிதழுக்காக மட்டும் மாறியதாகத் தெரிந்தால் கிடைக்காது என்று 2024 நவம்பரில் அதே நீதிமன்றம் புதுச்சேரி வழக்கொன்றில் கூறிவிட்டது.