காட்டு நிலத்தை எடுத்தால் கட்ட வேண்டிய என்.பி.வி.: யார் கட்டுகிறார்கள், எங்கே போகிறது?

சுரங்கமோ, நான்குவழிச் சாலையோ, மின்கோபுரமோ, காட்டு நிலத்தில் எது வருவதாக இருந்தாலும் பொதுவாக 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தால் நிலத்தை எடுப்பவர் கட்ட வேண்டிய தொகைகளில் ஒன்றுதான் என்.பி.வி., அதாவது நிகர நிகழ்கால மதிப்பு. அந்தக் காடு அப்படியே நின்றிருந்தால் இனி வரும் வருடங்களில் தரக்கூடிய விறகு, தீவனம், தேன், தண்ணீர், மண் காப்பு எல்லாவற்றையும் ரூபாயாக்கி, இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்த கணக்கு இது. மாற்றுக் காடு வளர்க்கக் கட்டும் பணம் இதில் சேராது, அது தனி.

இதன் தொடக்கம் நம்ம நீலகிரியில்தான். கூடலூர்ப் பக்கம் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து 1995இல் உச்ச நீதிமன்றம் போன கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு, நாட்டின் காடுகள் முழுவதையும் பற்றிய வழக்காக வளர்ந்தது. அதில்தான் 2002 அக்டோபரில் என்.பி.வி. வசூலிக்க உத்தரவு வந்தது. 2005இல் பொருளாதார அறிஞர் காஞ்சன் சோப்ரா தலைமையில் குழு அமைத்து, கடைசியில் 2008 மார்ச்சில் காடுகளை ஆறு வகையாகவும், மர அடர்த்தியை வைத்து மூன்று நிலையாகவும் பிரித்து, ஹெக்டேருக்கு 4.38 லட்சத்திலிருந்து 10.43 லட்சம் வரை விலை வைத்தார்கள். 2022 ஜனவரியில் அதை 1.53 மடங்கு உயர்த்தினார்கள். சரணாலயம் என்றால் ஐந்து மடங்கு, தேசியப் பூங்கா என்றால் பத்து மடங்கு.

சரி, இதை நமக்குப் பழகிய கணக்கில் போட்டுப் பாருங்கள். அடர்ந்த பசுமைமாறாக் காட்டுக்கு, அதாவது பட்டியலிலேயே உயர்ந்த விலைக்கு, ஹெக்டேர் சுமார் 15.95 லட்சம். சென்ட் கணக்கில் ஏறக்குறைய 6,460 ரூபாய், சதுர அடிக்கு 15 ரூபாய்கூட வரவில்லை! ஊருக்கு வெளியே கரட்டு நிலத்தில் போட்ட மனைகூட இந்த விலைக்குக் கிடைக்காது.

எனக்கு இன்னும் பெரிய வருத்தம் முள்காட்டைப் பற்றியது. நான்காம் வகையில் வரும் முள்காட்டுக்குத்தான் ஆகக் குறைந்த விலை, அதிலும் மரங்கள் இடைவெளி விட்டு நின்றால் இன்னும் குறைத்து, ஹெக்டேருக்கு 6.70 லட்சம்தான். வேலமும் உசிலும் தள்ளித் தள்ளி நிற்பதுதானே முள்காட்டின் இயல்பு, அந்த வெட்டவெளி இருந்தால்தான் வெளிமான் ஓடும். மேலே நின்று பார்த்து மர நிழலை மட்டும் அளந்தால் இதெல்லாம் காலி இடமாகத் தெரியும். சரணாலய எல்லைக்கு வெளியே இருக்கும் முள்காட்டுக்கு அந்த ஐந்து மடங்கும் கிடையாது.

எல்லாருமே முழுதாகக் கட்ட வேண்டியதில்லை. மரம் வெட்டாமல் ஒரு ஹெக்டேருக்குள் வரும் கிராமப் பள்ளி, மருத்துவமனை, மேல்நிலைத் தொட்டி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. நிலத்தடிச் சுரங்கத்துக்குப் பாதி.

அப்புறம், பணம் எங்கே போகிறது? பலர் காட்டை ஒட்டிய ஊருக்கு வருவதாக நினைக்கிறார்கள், வராது. 2016இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த காம்பா சட்டப்படி, அதாவது ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டப்படி, 90 சதவீதம் மாநில நிதிக்கும் 10 சதவீதம் தேசிய நிதிக்கும் போகும். 2019 ஆகஸ்டில் மட்டும் 47,000 கோடிக்கு மேல் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். விதிப்படி என்.பி.வி. பணத்தில் குறைந்தது 80 சதவீதம் காடு, காட்டுயிர் மேலாண்மைக்குச் செலவாக வேண்டும். சீமாறு புல்லும் கடுக்காயும் எடுத்துப் பிழைத்த குடும்பத்துக்கு அந்தக் காடு போனதற்கான ஈடு இந்தக் கணக்கில் இல்லை. இது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது 2006 வன உரிமைச் சட்டம். சமூக வன உரிமைக்கான மனுவை, திட்டம் ஏதும் வருவதற்கு முன்பே கிராம சபையில் கொடுத்து, தீர்மானத்தின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்துக் காட்டுக்கு யாராவது விண்ணப்பித்திருக்கிறார்களா என்பதை மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பார்க்கலாம்.