ரம்ஜானா, ரமளானா?

தினசரிக் காலண்டரில் ரம்ஜான். பள்ளிவாசல் நோட்டீஸில் ரமலான் அல்லது ரமளான். இலங்கைப் பத்திரிகைகளில் ரமழான். அரபுச் செய்தி வாசிப்பவர் சொன்னாலோ நம் காதில் 'ரமதான்' மாதிரி விழும். ஒரே மாதத்துக்கு இத்தனை எழுத்துக்கூட்டல் வந்ததற்கு அச்சுக்கோத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. வம்பு அரபு நெடுங்கணக்கின் 15ஆவது எழுத்தில் இருக்கிறது. நம்மூர் மத்ரசாக்களில் அதன் பெயர் 'ளாத்'. ஸாத் என்ற எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் ளாத்.

நமக்கு ழகரம் எப்படியோ அப்படி அரபுக்காரர்களுக்கு இது. தங்கள் மொழியையே 'ளாதின் மொழி' என்று சொல்லிக்கொள்வார்கள். சரி, இன்று அவர்கள் அதை எப்படி ஒலிக்கிறார்கள்? 'பந்து' என்பதில் வரும் அதிர்வுள்ள 'து'வைப் போல நுனிநாக்கு மேல்பல் ஈறில் ஒட்டுகிறது. அதே நேரத்தில் நாக்கின் அடிப்பகுதி தொண்டையின் பின்சுவரை நோக்கி இழுக்கப்படுகிறது. தொண்டைக்குழி குறுகுவதால் ஒலி கனத்து, அடுத்து வரும் 'ஆ' சற்றே 'ஓ' பக்கம் சாய்கிறது. மெய்யை விட இந்த உயிரின் கனம்தான் பல நேரங்களில் எழுத்தைக் காட்டிக்கொடுக்கும். இழுக்க மறந்தால் பொருளே தலைகீழ்: சாதாரண 'த' போட்டு 'தல்ல' என்றால் வழிகாட்டினான்; ளாத் போட்டால் வழிதவறினான்!

இது எகிப்து, சிரியா பக்கத்து உச்சரிப்பு. ஈராக்கிலும் வளைகுடாவிலும் பேச்சில் நாக்கு நுனி பற்களுக்கு இடையே வந்துவிடும். 'ளா' என்ற இன்னொரு எழுத்தோடு இது கலந்துபோகும். பாரசீகர்கள் அதை 'ஸ'வின் அதிர்வுள்ள வடிவமாக்கினார்கள், ஆங்கில z மாதிரி; அந்த வழியாக உருதுவுக்கு வந்ததுதான் ரம்ஜான்.

அப்படியானால் நம் 'ள' எங்கிருந்து வந்தது? எட்டாம் நூற்றாண்டில் ஈராக்கின் பஸ்ரா நகரில் இருந்த சீபவைஹி அரபு இலக்கணத்தின் முன்னோடி. பிறப்பால் பாரசீகர். ளாத் பிறக்கும் இடத்தை அவர் நாக்கின் விளிம்புக்கும் அதை ஒட்டிய கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே வைக்கிறார். அதாவது நுனியில் அடைப்பு இல்லை; நாக்கின் ஓரத்தில் காற்று உரசிக்கொண்டு வெளியேறுகிறது. வேறெந்த எழுத்தும் அந்த இடத்தில் பிறப்பதில்லை என்றும் சொல்கிறார். நம் தொல்காப்பியமும் லகர ளகரப் பிறப்பை 'நாவிளிம்பு வீங்கி' என்றுதான் தொடங்குகிறது. இரண்டு இலக்கணக்காரர்களும் கைவைத்தது ஒரே உறுப்பின் ஒரே ஓரத்தில்!

ஆக, பழைய ளாத், நம் ல, ள போல நாக்கின் ஓரத்தில் காற்று வெளியேறும் ஒரு மருங்கொலி. அரபு நாட்டுக்கு வெளியேதான் இதற்குத் தடயங்கள் அதிகம். 'ருளா' என்ற பழைய அரபுத் தெய்வத்தின் பெயரை, கி.மு. ஏழாம் நூற்றாண்டு அசீரியர்கள் 'ருல்தாயு' என்று எழுதிவைத்தார்கள். 'அல்-காளி' என்ற நீதிபதி ஸ்பெயினுக்குப் போய் 'அல்கால்தே' என்ற மேயர் ஆனார். அந்நியக் காதுக்கு ல-வும் த-வும் சேர்ந்து கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். மலாய் மொழியில் சம்மதத்தைக் குறிக்கும் 'ரெலா'வும் அரபு 'ரிளா'தான்.

அப்புறம் நம்மூர் வுளூ (தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது), பர்ளு (கட்டாயக் கடமை), களா (தவறிய தொழுகையைப் பிறகு நிறைவேற்றுவது). மலையாள முஸ்லிம்களும் இதே இடங்களில் ளகரம்தான் போடுகிறார்கள். வடக்கே தரைவழியாகப் பாரசீகத்தின் ஊடாக வந்த சொற்களுக்கு 'ஜ'. தெற்கே கடல்வழியாக வந்தவற்றுக்கு 'ள'. ஆனால் ரமளான்தான் சுத்தமான உச்சரிப்பு என்று மார்தட்ட வேண்டாம். நம் ளகரத்தில் உரசலும் இல்லை, தொண்டை இறுக்கமும் இல்லை.

இன்னொரு விஷயம். நண்பகல் தொழுகையை அரபில் சொல்லும்போது வருவது ளாத் அல்ல, மேலே சொன்ன அந்த இன்னொரு எழுத்து. நாமோ அதையும் 'லுஹர்' என்கிறோம். தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று தோன்றும். ஆனால் சவூதியின் தென்மேற்கே திஹாமா வட்டாரத்தில் சில பேச்சு வழக்குகளில் இன்றைக்கும் இரண்டு எழுத்துக்கும் ஒரே ஒலிதான். அந்த ஒலி நாக்கின் ஓரத்திலிருந்து வருகிறது.