"கையால் வரைந்தது" என்பது வயதுச் சான்று அல்ல

புது நகலைப் பழைய ஓவியம் என்று நம்பி வாங்கிய ஒருவர் என்னிடம் வருவது இந்த ஆண்டில் இது நான்காவது முறை. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன நியூமார்க்கெட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஓர் ஊரில், பழைய எண்ணெய் வண்ண ஓவியங்களைச் செப்பனிடுவது என் தொழில். சென்ற வாரம் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் போர்வையில் சுற்றிய ஓவியம் ஒன்றைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு பட்டறைக்கு வந்தார். பிரித்துப் பார்த்தால் விசில்ஜாக்கெட்: ஏறத்தாழ 1762இல் ராக்கிங்காம் பிரபுவுக்காக ஆங்கிலேயக் குதிரை ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் வரைந்த, முன்னங்கால்களைத் தூக்கி எழும் செம்பொன் நிறக் குதிரை. ஸ்டப்ஸ் வாழ்ந்த காலத்திலேயே அவருடைய மாணவர் செய்த நகல் என்று சொல்லி இணையத்தில் யாரோ அதை விற்றிருக்கிறார்கள். பெரியவரின் சேமிப்பில் பெரும்பகுதி அதற்குப் போயிருந்தது. கித்தானின் பின்பக்கத்தைத் திருப்பியதுமே எனக்கு மனம் கனத்துவிட்டது.

"கையால் வரைந்ததுதானே?" என்று அவர் மூன்று முறை கேட்டார். ஆம், கையால் வரைந்ததுதான். அதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் என்னிடம் வரும் ஒவ்வொருவரும் இந்த ஒரு சொல்லைத்தான் கேடயமாகப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். வண்ணம் எந்த வழியில் கித்தானில் ஏறியது என்பதை மட்டுமே அந்தச் சொல் தெரிவிக்கிறது; எந்த ஆண்டில், எந்த நாட்டில், யாருடைய கையால் என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. 1770இல் ஒருவர் கையால் வரைந்தார். போன மாதம் இன்னொருவரும் கையால்தான் வரைந்தார். சீனாவின் ஷென்ஜென் நகரிலுள்ள டாஃபென் பகுதியில் 1989 முதல் இதுவே பெருந்தொழிலாக வளர்ந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான ஓவியர்கள் புகழ்பெற்ற படங்களை நகலெடுத்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். அந்த நகல்களும் கையால் வரைந்தவையே. தூரிகைத் தடம் விரலில் தட்டுப்படுகிறது, ஆகவே இது பழையது என்று முடிவு கட்டுவது, கையால் நெய்த துணி என்பதால் அது பாட்டியின் கல்யாணப் புடவையாகத்தான் இருக்கும் என்று சொல்வதற்கு ஒப்பானது.

நகல் வாங்குவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. நகலெடுத்தல் மதிப்புள்ள கலைப்பயிற்சி. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் இன்றும் ஓவியர்களை உள்ளே அமர்ந்து நகலெடுக்க அனுமதிக்கிறது, ஆனால் நகலின் அளவு மூலத்தின் அளவாக இருக்கக்கூடாது என்று விதித்திருக்கிறது. ஓடிய 18 பந்தயங்களிலும் தோற்காத எக்லிப்ஸை ஸ்டப்ஸே ஒரே ஆய்வோவியத்தைக் கொண்டு ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரைந்திருக்கிறார். ஆகவே நகல் என்று சொல்லி, நகலுக்குரிய விலைக்கு விற்றால் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. விசில்ஜாக்கெட்டின் மூலத்தை லண்டன் நேஷனல் கேலரி 1997இல் 1.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது; கிம்கிராக் என்ற பந்தயக் குதிரையை ஸ்டப்ஸ் வரைந்த ஓவியம் 2011இல் 2.24 கோடி பவுண்டுக்கு ஏலம் போனது. இந்தத் தொகைகளைக் காட்டித்தான் மூன்றடிக் கித்தானுக்கு விலை ஏற்றுகிறார்கள்.

பெரியவரின் ஓவியத்தில் தேநீரில் தோய்த்த கறை பின்பக்கமெங்கும் ஒரே சீராகப் படர்ந்திருந்தது. உண்மையான முதுமை அப்படிச் சீராக வருவதில்லை, சட்டத்தின் கட்டை மறைத்த இடம் எப்போதும் வெளிறியே இருக்கும். வெடிப்புகள் வார்னிஷில் மட்டுமே இருந்தன, வண்ணத்துக்குள் இறங்கவில்லை. வெண்மைக்கு டைட்டானியம் வெள்ளை. அது ஓவியர்களின் கைக்கு வந்ததே முதல் உலகப் போருக்குப் பிறகுதான். ஓரத்தில் பஞ்சால் தொட்டபோது வண்ணம் அப்படியே கரைந்து வந்தது. முழுதாக இறுகாத புது வண்ணம் அது. இதையெல்லாம் விடக் குதிரையே காட்டிக்கொடுத்தது. ஹார்க்ஸ்டோ கிராமத்தில் 18 மாதங்கள் குதிரைகளை அறுத்து ஆராய்ந்து, 1766இல் குதிரை உடற்கூற்று நூலை வெளியிட்டவர் ஸ்டப்ஸ். அவருடைய குதிரைக்குப் பின்னங்கால் மூட்டு, இந்த நகலில் இருப்பதுபோலக் குழாயாக வளையாது. பின்னங்குளம்புகளின் கீழே அவர் விட்ட சிறு நிழலையும் இந்த நகலில் காணவில்லை. கைபேசித் திரையைப் பார்த்து வரைபவர்கள் அதைத்தான் முதலில் தவறவிடுகிறார்கள்.

வேறு சிலர் கொண்டுவருபவை ஓவியங்கள்கூட அல்ல. அச்சடித்த கித்தானின் மேல் நிறமற்ற பசையைத் தூரிகையால் தடவி, மேடுபள்ளம் உண்டாக்கியிருப்பார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்று போதும்: தூரிகைத் தடம் ஒரு திசையில் போக, அடியில் நிறப் புள்ளிகள் தம் போக்கில் சிதறிக் கிடப்பது தெரிந்துவிடும்.

பணம் கொடுப்பதற்கு முன் பின்பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். தயங்கும் விற்பனையாளரை விட்டு விலகுங்கள். ஏலப் பட்டியலில் ஓவியரின் பெயருக்கு முன் "ஆஃப்டர்" (After) என்று இருந்தால் அது எந்தக் காலத்திலும் செய்யப்பட்டிருக்கக்கூடிய நகல் என்று பொருள். அவருடைய காலத்தை ஒட்டி வந்தவர் வரைந்தது என்று நீங்களாகப் படித்துக்கொள்ளாதீர்கள். சட்டத்தில் பதித்த பித்தளைத் தகட்டை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். இன்னோர் ஆங்கிலேயக் குதிரை ஓவியரான ஆல்ஃபிரட் மன்னிங்ஸின் பந்தயக் காட்சிகளை நகலெடுத்துத் தரச் சொல்பவர்களுக்கு ஒரு செய்தி: அவர் 1959இல் மறைந்தார், பிரிட்டனில் அவருடைய பதிப்புரிமை 2029 முடியும் வரை நீடிக்கிறது. ஸ்டப்ஸுக்கு அந்தத் தடை இல்லை.

நகலை வரவழைத்தால், வண்ணம் உலர்வதற்குள் சுருட்டி அனுப்ப விடாதீர்கள். பொதி உறையின் குமிழ்கள் குதிரையின் வயிற்றில் வரிசையாகப் பதிந்த ஓவியங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. அவற்றை முழுமையாகச் சரிசெய்ய முடியாது. உருளைக்கிழங்கு, ரொட்டி, எச்சில் எதைக் கொண்டும் வீட்டில் துடைக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், துடைக்கவே துடைக்காதீர்கள்.

பெரியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பார்க்கப்போவதாகச் சொன்னார். என் கண்டறிதல்களைக் கட்டணமின்றி எழுதிக் கொடுத்தேன். பணம் திரும்பாவிட்டாலும் படத்தை மாட்டி வைப்பேன், பேத்திக்கு அந்தக் குதிரையைப் பிடித்திருக்கிறது என்றார். அப்படியானால் பின்பக்க மரச்சட்டத்தில், ஸ்டப்ஸ் ஓவியத்தின் இக்கால நகல் என்று பென்சிலால் எழுதி வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். என் மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, அங்கேயே நின்று, ஆண்டையும் சேர்த்து எழுதினார்.