ஆபத்தான மீனா, அருகிவரும் மீனா?

மட்டக்களப்பில் ஒரு சுவரொட்டி. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு மீனின் படம், அடியில் 'ஆபத்தான நன்னீர் மீன்'. பக்கத்தில் நின்ற மீன்கார அம்மா கேட்டார்: "இதத் தின்னப்படாதா மனே?"

அவர் கேட்டதில் பிழையில்லை. ஆபத்தான பாம்பு என்றால் நம்மைக் கடிக்கும் பாம்பு. அந்தக் கணக்கில் ஆபத்தான மீன் நம்ம சுங்கான்தான், முள் குத்தினால் கை வீங்கிவிடும். படத்தில் இருந்ததோ பந்துல பெத்தியா. கேகாலை மாவட்டத்தில் கலபிட்டமடைப் பக்கம் ஓர் ஓடையில் கண்டறியப்பட்டு, 1991இல் அறிவியல் பெயர் பெற்றது. வயலுக்கு அடிக்கும் மருந்து அதற்குத்தான் ஆபத்து.

சுவரொட்டியில் 'ஆபத்தான' என்று தமிழாக்கிய ஆங்கிலச் சொல் 'எண்டேஞ்சர்ட்' (endangered), அழியும் ஆபத்தில் இருப்பது. உள்ளே இருக்கும் 'டேஞ்சர்', எசமானைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. எசமானின் பிடியில் கிடப்பது என்பது பழைய பொருள். நம் 'ஆபத்து' வடசொல். சரி, அது கிடக்கட்டும்.

'அழிந்துவரும் இனம்' போதாதா என்பார்கள். போதாது. அவசரத்தில் 'வரும்' உதிர்ந்து, 'அழிந்த மீன்' என்று தலைப்பு வந்துவிடும். உயிரினங்களை அழியும் ஆபத்தின் அளவுப்படி படிகளாகப் பிரிக்கும் உலகப் பட்டியல் ஒன்று இருக்கிறது, ஐயுசிஎன் (IUCN) அமைப்பின் சிவப்புப் பட்டியல். அதில் அழிந்தது வேறு படி. 'அச்சுறுத்தப்பட்ட' (threatened) என்பதும் பொருந்தாது. அந்தப் பட்டியலில் அது, ஆபத்து ஏறிக்கொண்டு போகும் மூன்று படிகளுக்குமான பொதுப்பெயர். 'எண்டேஞ்சர்ட்' அந்த மூன்றில் நடுப்படிக்கு உரியது: பத்து ஆண்டில் அல்லது மூன்று தலைமுறையில், இரண்டில் எது நீளமோ அதற்குள், எண்ணிக்கை 50 வீதமாவது குறைந்தால் ஓர் இனம் அங்கே போகலாம். 80 வீதம் என்றால் மேல்படி. பந்துல பெத்தியா இருப்பது அந்த மேல்படியில்தான். ஆக, சுவரொட்டி இரண்டு தடவை பிழை.

குறைந்துகொண்டு போவதற்குத் தமிழில் 'அருகுதல்' இருக்கிறது. இலக்கண உரைகளில் 'அருகி வழங்கும்' என்று படித்திருப்பீர்கள். நடுப்படிக்கு 'அருகிவரும்', மேல்படிக்கு 'மிக அருகிய'. 'அருகில் வரும் மீன் என்று விளங்கிவிடும்' என்றார் மொழிபெயர்க்கும் நண்பர் ஒருவர். கரையில் நின்று பார்த்தால் எந்த மீனும் அருகில்தான் வரும், அதற்காகச் சொல்லைக் கைவிடுவதா? ஆங்கிலத்தை மட்டும் பார்த்து எழுதுகிறவர்கள் தாம் எழுதிய தமிழை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே பாதிப் பிழை போய்விடும்.

சுவரொட்டிக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். அடுத்த மாதம் புதிதாக ஒன்று ஒட்டினார்கள்: 'ஆபத்துக்குள்ளான மீன்'. விபத்துக்குள்ளான பஸ் மாதிரி.