உரம் விழுந்ததா, மூட்டில் சீழா?

பச்சைக் குழந்தை ஒரு காலை மட்டும் அசைக்காமல் போட்டிருந்தால், மதுரைப் பக்கம் வீட்டில் முதலில் சொல்வது 'உரம் விழுந்திருக்கும்', அதாவது சுளுக்கு மாதிரி ஏதோ பிடித்திருக்கும் என்பதுதான். சேலையில் போட்டு உருட்டி உரம் எடுக்கும் பாட்டிகளோடு எனக்குச் சண்டை இல்லை. அதில் கழிந்துபோகும் இரண்டு மூன்று நாள்தான் என் கவலை. அப்படி வரும் குழந்தைகளில் சிலருக்கு மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கும்.

குறைமாதத்தில் பிறந்து 'பெட்டியில்' (இன்குபேட்டரில்) இருந்த குழந்தைகள், ரத்தத்தில் கிருமி பரவிய குழந்தைகள், இவர்களிடம்தான் இதை அதிகம் எதிர்பார்க்க வேண்டும். கிருமி பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். எந்த மூட்டிலும் பிடிக்கலாம், ஆனால் இடுப்பு மூட்டுதான் மோசம். தொடை எலும்பின் மேல்முனை அந்த மூட்டுப் பைக்குள்ளேயே இருக்கிறது. அதனால் எலும்பில் பிடித்த சீழ் நேராக மூட்டுக்குள் உடைத்துக்கொண்டு வந்துவிடும். உள்ளே அழுத்தம் ஏற ஏற, எலும்பின் தலைக்குப் போகும் ரத்தம் தடைபடும். குருத்தெலும்பு சில மணி நேரத்திலேயே அரிபடத் தொடங்கும்.

கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் காய்ச்சல் அடிக்கும், காலை ஊன்றவே மாட்டான். பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். அங்கே கண்டுபிடிப்பது பெரும்பாலும் அம்மாதான். துணி மாற்றக் காலைத் தூக்கினால் வீறிட்டு அழும். அந்தக் கால் மட்டும் மடங்கி, வெளிப்பக்கம் சாய்ந்தே கிடக்கும். சரியாகப் பால் குடிக்காது. எக்ஸ்ரே எடுத்தாச்சு, எலும்பு நன்றாக இருக்கிறது என்று திரும்பிப் போய்விடாதீர்கள். முதல் வாரத்தில் எலும்பில் மாற்றம் தெரியாமல் போகலாம். இடுப்பில் நீர் கோத்திருந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் காட்டிவிடும். ஊசியில் எடுத்துப் பார்த்துச் சீழ் என்றால், தள்ளிப்போடாமல் மூட்டைத் திறந்து கழுவ வேண்டும். ஆன்டிபயாட்டிக் ஓடினால் போதாதா என்று கேட்பார்கள். இடுப்பில் சீழ் நிற்கும்போது அது மட்டும் போதாது. மெடிக்கலில் வாங்கிக் கொடுக்கும் அரை பாட்டில் சிரப்பு இன்னும் மோசம். வலியையும் காய்ச்சலையும் கொஞ்சம் அடக்கி நம்மை ஏமாற்றும்.

ஞாயிற்றுக்கிழமை, ஓ.பி. கிடையாது என்று திங்கள் வரை வைத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, இராஜாஜி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கே வந்துவிடுங்கள்.

அப்புறம், ரத்தத்தில் கிருமி பரவி, உயிர் பிழைத்து வீட்டுக்குப் போனவர்கள். உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒன்றரை வயதுப் பையனைக் கூட்டி வந்தார்கள். இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து நடக்கிறான். "பெட்டியில இருந்தப்போ ரத்தத்துல கிருமின்னாங்க சார், அது அப்பவே சரியாப்போச்சு" என்றார் அம்மா. எக்ஸ்ரேயில் வலப்பக்கம் உருண்டையாகத் தெரிந்த எலும்புத் தலை, இடப்பக்கம் இருந்த அடையாளமே இல்லை. அந்தக் கால் ஏற்கெனவே குட்டையாகியிருந்தது.

எலும்பு நீள வளரக் காரணமான அதன் முனைக் குருத்தெலும்பு, அதாவது வளர்ச்சித் தட்டு, கெட்டிருந்தால் குறை உடனே தெரியாது, வளர வளரத்தான் தெரியும். கால் நீளம் மாறும், முழங்கால் கோணும். செருப்பில் உயரம் வைப்பது, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை என்று கட்டம் கட்டமாகச் செய்ய வழியிருக்கிறது. அதற்குக் குழந்தையை எலும்பு மருத்துவர் தொடர்ந்து பார்க்க வேண்டும், வளர்ச்சி நிற்கும் வரை. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'செப்சிஸ்' (ரத்தத்தில் கிருமி என்று சொல்வது இதைத்தான்) என்று இருந்தால் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். எங்கே போனாலும் முதலில் அதை எடுத்துக் காட்டுங்கள்.