கண்ணுக்குள் இருக்கும் அழற்சியை எண்ணுவது எப்படி?

கொழும்பில் கண் சிவந்தால் பலர் முதலில் போவது பாமசிக்குத்தான். கண்நோய் என்று சொல்லி ஒரு துளிமருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பெரும்பாலும் அது கண்நோயாகவே இருக்கும். ஆனால் வெளிச்சம் கூசுகிறது, கண் ஆழமாக வலிக்கிறது, பார்வை மங்குகிறது என்றால் கதை வேறு. அழற்சி கண்ணின் மேற்பரப்பில் இல்லாமல், கண்மணியைச் சுற்றிய நிற வளையமான கதிராளியிலோ விழித்திரைக்கு அடியில் குருதிக்குழாய்கள் செறிந்த தோலுருவிலோ இருக்கக்கூடும். யுவைட்டிஸ் எனப்படும் இந்நோயில் சில வகைகள் கண்ணைச் சிவக்கவே வைக்காமல் பார்வையைத் தின்றுவிடும்.

மூட்டிலோ சிறுநீரகத்திலோ அழற்சி என்றால் இரத்தப் பரிசோதனையை வைத்து ஊகிக்க வேண்டும், அல்லது ஊசி குத்தித் திசு எடுக்க வேண்டும். கண் ஒளி ஊடுருவும் உறுப்பு. அங்கே அழற்சியை நேரே பார்க்கலாம், எண்ணவும் செய்யலாம்.

லிப்டன் சுற்றுவட்டத்தின் சிவப்புக் கட்டடத்தில் 1906 இல் கண் வைத்தியசாலை திறக்கப்பட்டபோது ஸ்லிட் லாம்ப் என்ற கருவி இருக்கவில்லை. அல்வர் குல்ஸ்ட்ராண்ட் 1911 இல்தான் அதை அறிமுகப்படுத்தினார். இன்று எந்தக் கண் கிளினிக்கிலும் நாடியைத் தாங்கியில் வைத்தவுடன் கண்ணில் விழும் மெல்லிய ஒளிக்கீற்று அதனுடையது. கண்ணின் முன்னறையில் உள்ள திரவம் தெளிந்த நீர் போன்றது. கீற்று அதனூடே போவது தெரியாது. அழற்சி வந்தால் குருதிக்குழாய்கள் கசிந்து, புரதமும் வெண்குருதிக் கலங்களும் அதில் கலக்கும். அப்போது கண்ணாடி ஓட்டின் வழியே இருட்டறைக்குள் விழும் வெயிலில் தூசி தெரிவதுபோல் அந்தக் கலங்கள் தெரியும். அவை சும்மா நிற்பதில்லை. கதிராளியை ஒட்டிய சூடான திரவத்தில் மேலேறி, கண்ணின் முன்புறத்தை மூடும் ஒளிபுகும் படலமான, குளிர்ந்த விழிவெண்படலத்தின் பக்கமாகக் கீழிறங்கும். 1 மில்லிமீற்றர் அகல, உயரக் கீற்றில் 6 முதல் 15 கலங்கள் வரை இருந்தால் முதல் தரம். 50 ஐத் தாண்டினால் நான்காம் தரம்.

ஆனால் எண்ணுவது மனிதக் கண். ஒரு வைத்தியருக்கு 14 ஆகத் தெரிவது இன்னொருவருக்கு 18 ஆகலாம், தரமே மாறிவிடும். விழித்திரையின் தடிப்பையோ ஸ்லிட் லாம்பால் அளக்க முடியாது. அங்கேதான் 1991 இல் அறிமுகமான ஓசிடி ஸ்கேன் வருகிறது. அகச்சிவப்பை அண்டிய ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்குள்ளும் மற்றதை ஓர் ஆடிக்கும் அனுப்புகிறார்கள். திரும்பிவரும் இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் குறுக்கீட்டுக் கோலத்திலிருந்து, எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு ஒளி தெறித்தது என்று கணினி கணிக்கும். ஏறத்தாழ 5 மைக்ரோமீற்றர் நுணுக்கத்தில் விழித்திரையின் அடுக்குகள் வெட்டுமுகமாகத் தெரியும். கண்ணை எதுவும் தொடுவதில்லை. பார்வையின் மையத்தில் நீர் கோத்திருந்தால் அடுக்குகளுக்கு நடுவே கரிய குமிழிகள் நிற்கும். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படிப்பவருக்கும் அவை தொடங்கியிருக்கலாம். அழற்சியை அடக்கும் ஸ்டெரொய்ட் துளியை எப்போது குறைப்பது என்பதை நோயாளி "சுகம்தான்" என்று சொல்வதை மட்டும் வைத்து முடிவுசெய்வதில் எனக்கு உடன்பாடில்லாதது இதனால்தான்.

எல்லாவற்றுக்கும் இது போதாது. விழித்திரைக் குழாய்கள் கசிகின்றனவா என்று பார்க்க இன்னும் கையில் புளோரசீன் சாயம் ஏற்ற வேண்டியிருக்கிறது. சிலருக்குக் குமட்டும், அரிதாகக் கடும் ஒவ்வாமை வரும். ஊசியில்லாத ஓசிடி ஆஞ்சியோகிராபி குருதி ஓடுவதைக் காட்டும், கசிவதைக் காட்டாது. விழித்திரைக்கு முன்னால் கண்ணை நிரப்பும் கூழான கண்ணாடியுடனீர் மிகவும் கலங்கியிருந்தால் எந்தப் படமும் மங்கலாகத்தான் வரும். அழற்சி காசநோயாலா, பல உறுப்புகளில் அழற்சி முடிச்சுகளை உண்டாக்கும் சார்கொய்டோசிஸாலா என்பதற்கும் நெஞ்சு எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் தேவை.

கொழும்பில் பலர் ஒரு ஸ்கேனைத் தனியார் நிலையத்தில் எடுத்து, அடுத்ததை அரச வைத்தியசாலையில் எடுக்கிறார்கள். விழித்திரையின் எல்லையை எந்த அடுக்கில் முடிப்பது என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். அதே கண்ணின் தடிப்பே பல பத்து மைக்ரோமீற்றர் மாறிக் காட்டலாம். நோய் கூடிவிட்டது என்று பதறுமுன், இரண்டு தாள்களிலும் கருவியின் பெயர் ஒன்றா என்று பார்க்க வேண்டும். கிளினிக்குக்குப் போகும்போது பழைய தாள்களையும் கொண்டுபோவது நல்லது.