விலை கேட்டு வரும் கடிதம் உங்களுக்கு எழுதியதல்ல

ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம், இன்னொரு நிறுவனத்தை அதன் நிர்வாகம் சம்மதிக்காமலே வாங்கப்போவதாக அறிவித்தால், அன்றே எங்களுக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். நிறுவன இணைப்பு, கையகப்படுத்தல் ஒப்பந்தங்களைப் படித்து ஆலோசனை சொல்வது என் தொழில். அழைப்பவர்களில் பலர் விலை பேசப்பட்ட நிறுவனத்தின் ஊழியர்கள். இன்னும் பலர் அதன் மென்பொருளை நம்பித் தொழில் நடத்துபவர்கள். எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இது நடக்குமா, நடக்காதா?"

முதல் நாளில் அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். அந்த விலைக் கடிதம் பங்குதாரர்களுக்கு எழுதப்பட்டது. ஊழியர் என்ற முறையிலோ வாடிக்கையாளர் என்ற முறையிலோ அது உங்களுக்கு எந்த உரிமையும் தருவதில்லை. உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை, நீங்கள் முன்பே கையெழுத்திட்டு மறந்துபோன தாள்கள்தான் முடிவு செய்யும். செய்தியைத் துரத்துவதை விட்டுவிட்டு அந்தத் தாள்களைத் தேடி எடுங்கள். நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்.

இப்படிப்பட்ட போராட்டம் எவ்வளவு காலம் இழுக்கும் என்று தெரிந்துகொள்ள ஆரக்கிள்–பீப்பிள்சாஃப்ட் விவகாரத்தைவிட நல்ல பாடம் இல்லை. பீப்பிள்சாஃப்ட் நிறுவனங்களின் சம்பளக் கணக்கு, பணியாளர் நிர்வாகம் போன்றவற்றுக்கான மென்பொருள் விற்றது. 2003 ஜூன் 2 அன்று ஜே.டி. எட்வர்ட்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்தை வாங்கப்போவதாக அது அறிவித்தது. நான்கு நாள் கழித்து, ஜூன் 6 அன்று, அதன் போட்டியாளரான ஆரக்கிள், பீப்பிள்சாஃப்டை வாங்க ஒரு பங்குக்கு 16 டாலர் என்று மொத்தம் 510 கோடி டாலர் ரொக்கமாகத் தருவதாக அறிவித்தது. முந்தைய நாள் சந்தை விலையைவிட அது சுமார் 6 சதவீதம்தான் அதிகம். உண்மையிலேயே வாங்க நினைப்பவர் வழக்கமாகக் கொடுக்கும் கூடுதல் விலை அதைவிடப் பல மடங்கு பெரியது. வாங்குவது நோக்கமா, போட்டியாளரின் விற்பனையைக் குலைப்பது நோக்கமா என்ற சந்தேகம் அன்றே எழுந்தது. பீப்பிள்சாஃப்ட் மென்பொருளைப் புதிய வாடிக்கையாளர்களுக்கு விற்கும் எண்ணம் இல்லை, இருப்பவர்களுக்குப் பராமரிப்பு மட்டும் தொடரும் என்றும் ஆரக்கிள் சொல்லியிருந்தது. நாளைக்கு இருக்குமா என்று தெரியாத மென்பொருளுக்கு இன்று யார் பல லட்சம் டாலர் கொடுப்பார்கள்?

பீப்பிள்சாஃப்ட் அதற்குக் கொடுத்த பதில் என்னைப் போன்றவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கும் ஒன்று. புதிதாக மென்பொருள் வாங்குபவர்களின் ஒப்பந்தத்தில் ஒரு உத்தரவாதத்தைச் சேர்த்தார்கள். நிறுவனம் கைமாறி, பராமரிப்போ மேம்பாடோ குறைக்கப்பட்டால், கட்டிய உரிமக் கட்டணத்தைப் போல இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை திரும்பக் கிடைக்கும். வாடிக்கையாளருக்கு அது காப்பு. வாங்க வருபவருக்கோ, ஒவ்வொரு புதிய விற்பனையும் ஒரு கடன் சுமை. விலை பேசப்படும் காலத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு இந்தக் காப்பு கிடைத்தது. அதற்கு முன்பே வாங்கியவர்கள் பழைய ஒப்பந்தத்தோடு நின்றார்கள். இதை மனதில் வையுங்கள், வாடிக்கையாளர்களைப் பற்றிப் பேசும்போது மறுபடி வருகிறேன்.

அடுத்து வந்தது நீதிமன்றம். 2004 பிப்ரவரியில் அமெரிக்க நீதித்துறை, போட்டி குறைந்துவிடும் என்று சொல்லி ஆரக்கிளைத் தடுக்க வழக்குப் போட்டது. முதல் அறிவிப்புக்குப் பிறகு, ஆரக்கிள் ஒரு பங்குக்குத் தருவதாகச் சொன்ன விலை 19.50 டாலர் ஆனது, 26 ஆனது, பிறகு 21 ஆகக் குறைந்தது. செப்டம்பரில் நீதிபதி வான் வாக்கர் ஆரக்கிளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அக்டோபர் 1 அன்று பீப்பிள்சாஃப்டின் தலைமை அதிகாரி கிரெய்க் கான்வே அதன் இயக்குநர் குழுவாலேயே நீக்கப்பட்டார். நிறுவனர் டேவ் டஃபீல்ட் திரும்பி வந்தார். நவம்பரில் 24 டாலர் விலைக்கு விற்கச் சம்மதித்து, பங்குதாரர்கள் சுமார் 61 சதவீதப் பங்குகளை ஆரக்கிளிடம் ஒப்படைத்தார்கள். டிசம்பர் 13 அன்று 26.50 டாலர், மொத்தம் சுமார் 1,030 கோடி டாலர் என்று உடன்பாடு வந்தது. மொத்தத் தொகை முதலில் சொன்னதைப் போல இரு மடங்கு; ஒரு பங்குக்கான விலை சுமார் 66 சதவீதம் அதிகம். பங்குதாரர்களுக்கு நல்ல முடிவு. 2005 ஜனவரியில், இரண்டும் சேர்ந்த சுமார் 55,000 பேரில் 5,000 பேரைக் குறைப்பதாக ஆரக்கிள் அறிவித்தது.

பதினெட்டு மாதம். அத்தனை நாளும் ஊழியர்கள் வேலைக்குப் போனார்கள், வாடிக்கையாளர்கள் சம்பளக் கணக்கைப் போட்டார்கள். ஒருநாள்கூட அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்க வேண்டிய சட்டமும் இல்லை.

தற்காப்பு ஆயுதங்களைப் பற்றிச் செய்திகளில் நிறைய வரும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். விஷ மாத்திரை எனப்படும் திட்டத்தில், ஒருவர் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பங்கு சேர்த்தால், அவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் சலுகை விலையில் புதுப் பங்கு வாங்கலாம். அவர் பிடித்து வைத்த பங்கின் மதிப்பு கரைந்துவிடும். தன்னை வாங்க ஜெராக்ஸ் வந்தபோது 2020 பிப்ரவரியில் எச்பி இதை 20 சதவீதம் என்ற எல்லையோடு கொண்டுவந்தது. மாத்திரையை எடுத்துவிடும் அதிகாரம் இயக்குநர் குழுவுக்கு உண்டு. அதனால் வாங்க வருபவர் அந்தக் குழுவையே மாற்றப் பார்ப்பார். பங்குதாரர் கூட்டத்தில் தன் ஆட்களை நிறுத்தி வாக்குக் கேட்பார். உங்களிடம் பங்கு இருந்தால் இரு தரப்பிலிருந்தும் வாக்குச் சீட்டு வரும். வழக்கமாகக் கடைசியாகத் தேதியிட்ட சீட்டுதான் செல்லும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு தரப்புக்குக் கையெழுத்திட்டு அனுப்பியபின், இன்னொன்றையும் சும்மா நிரப்பி அனுப்பினால் முதல் வாக்கு போய்விடும்.

இப்போது ஊழியர்கள். சம்பளத்தோடு சேர்த்து, ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும் பங்குகளுக்கான ஒதுக்கீட்டுக் கடிதம் உங்களிடம் இருந்தால், அதில் நிர்வாக உரிமை மாற்றம் என்று ஒரு பகுதி இருக்கும். அதில் பார்க்க வேண்டியது, நிறுவனம் கைமாறியதும் இன்னும் கைக்கு வராத பங்குகள் தாமாகவே உங்களுடையதாகுமா, அல்லது கைமாறிய பிறகு உங்கள் வேலையும் போனால் மட்டுமா என்பது. பெரும்பாலான கடிதங்களில் இரண்டாவதுதான். அதாவது இரண்டு நிகழ்வுகளும் நடக்க வேண்டும். "கம்பெனி விற்றுவிட்டார்கள், என் பங்கு முழுக்க வந்துவிடும்" என்று நம்பி வீட்டுக் கடனுக்குக் கணக்குப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது நிகழ்வில் இன்னொரு நுணுக்கம் உண்டு. வேலையை விட்டு அனுப்புவது மட்டுமல்ல, நியாயமான காரணத்தோடு நீங்களே விலகுவதும் பல கடிதங்களில் கணக்கில் வரும். சம்பளக் குறைப்பு, பொறுப்புக் குறைப்பு, தொலைவான இடத்துக்கு மாற்றம் போன்றவை காரணங்களாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் நடைமுறை இருக்கிறது: இத்தனை நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், அதைச் சரிசெய்ய நிறுவனத்துக்கு இத்தனை நாள் அவகாசம் தர வேண்டும், அது தவறிய பிறகுதான் விலக வேண்டும். என்னிடம் வந்த ஒரு பொறியாளர் தலைமைப் பொறுப்பிலிருந்து இறக்கப்பட்ட அன்றே கோபத்தில் இரண்டு வரி ராஜினாமா கடிதம் அனுப்பிவிட்டார். காரணம் நூறு சதவீதம் அவர் பக்கம்தான். அவர் கொண்டுவந்த கடிதத்தின் ஒன்பதாம் பக்கத்தில், பத்தியின் நடுவில், அந்த அவகாச நிபந்தனை இருந்தது. அவர் அதைத் தாண்டிப் போயிருந்தார். மூன்றாண்டு உழைப்பில் சேர்ந்த பங்கு அப்படியே போயிற்று. விலகும் முன்பு ஒருநாள் பொறுத்து அந்தப் பக்கத்தை யாரிடமாவது காட்டியிருந்தால் வேறு கதை.

விலை பேசப்படும் காலத்தில் நிறுவனமே புதிய பாதுகாப்புத் தருவதும் உண்டு. 2008 பிப்ரவரி 1 அன்று மைக்ரோசாஃப்ட், யாஹூவைப் பங்குக்கு 31 டாலர், மொத்தம் 4,460 கோடி டாலருக்குக் கேட்டது. அந்த மாதமே யாஹூவின் இயக்குநர் குழு முழுநேர ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரு பணிவிலகல் இழப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. கைமாறிய இரண்டு ஆண்டுக்குள் நியாயமான காரணத்தோடு விலகினாலும் பலன் உண்டு. இது ஊழியருக்கா, வாங்குபவரை விரட்டவா என்று பங்குதாரர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தாலும், ஊழியர் பக்கம் நின்று பார்க்கும் நான் அந்தத் திட்டத்தை வரவேற்பேன். இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் அதைச் சேமித்து வையுங்கள். அலுவலகக் கணக்கில் மட்டும் வைக்காதீர்கள், அந்தக் கணக்கு ஒருநாள் பூட்டப்படும். இன்னொன்று: உள்ளே காதில் விழுந்ததை வைத்துப் பங்கு வாங்கவோ விற்கவோ கூடாது, நண்பருக்குச் சொல்லவும் கூடாது. அது குற்றம்.

வாடிக்கையாளர்கள் ஏமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். "எங்கள் ஒப்பந்தத்தில் எங்கள் சம்மதமின்றி வேறு யாருக்கும் மாற்றக்கூடாது என்று இருக்கிறதே" என்பார்கள். இருக்கும். ஆனால் இப்படிப்பட்ட கையகப்படுத்தலில் கைமாறுவது பங்குகள்தான். உங்களோடு ஒப்பந்தம் போட்ட நிறுவனம் அதே பெயரில், அதே சட்ட வடிவில் இருக்கிறது. அதற்கு மேலே முதலாளி மட்டும் மாறியிருக்கிறார். ஒப்பந்தம் யாருக்கும் மாற்றப்படவே இல்லை, ஆகவே அந்த வரி பொதுவாகச் செயல்படாது. நிர்வாக உரிமை மாறினால் என்ன ஆகும் என்று தனியாக ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அபராதமின்றி விலகும் உரிமை, கட்டண உயர்வுக்கு உச்சவரம்பு, பராமரிப்பு எத்தனை ஆண்டு தொடரும், உங்கள் தரவை எந்த வடிவில் திருப்பித் தருவார்கள் ஆகியவை அதில் வர வேண்டும்.

அந்த வரியைக் கேட்டு வாங்க நல்ல நேரம், விலை பேச்சு நடந்துகொண்டிருக்கும் நேரமே. பீப்பிள்சாஃப்டைப் போல, குறிவைக்கப்பட்ட நிறுவனம் அப்போது ஒவ்வொரு வாடிக்கையாளரையும் தக்கவைக்கத் துடிக்கும். உங்கள் ஒப்பந்தம் புதுப்பிக்க ஒரு வருடம் இருந்தாலும் இப்போதே போய்க் கேளுங்கள். உடன்பாடு கையெழுத்தானபின், வாங்குபவரின் சம்மதமின்றி இப்படிப்பட்ட சலுகை தருவதற்குப் பெரும்பாலும் தடை வந்துவிடும்.

சிறு பங்குதாரர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறிவிக்கப்பட்ட விலை உங்கள் கையில் இருக்கும் பணம் அல்ல. யாஹூவுக்கு மைக்ரோசாஃப்ட் 33 டாலர் வரை ஏறியது, யாஹூ 37 கேட்டது, 2008 மே 3 அன்று மைக்ரோசாஃப்ட் விலகிக்கொண்டது. அடுத்த வர்த்தக நாளில் பங்கு சுமார் 15 சதவீதம் விழுந்தது. நவம்பரில், உலக நிதி நெருக்கடியும் சேர்ந்து, 10 டாலருக்கும் கீழே போனது. 2018 மார்ச்சில் குவால்காமை வாங்க பிராட்காம் செய்த முயற்சியைத் தேசியப் பாதுகாப்புக் காரணம் சொல்லி அமெரிக்க அதிபரே தடுத்தார். எச்பியை வாங்க வந்த ஜெராக்ஸ், கொரோனா பரவிய 2020 மார்ச் கடைசியில் பின்வாங்கியது. சந்தை விலை, வாங்குபவர் சொன்ன விலைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தால், அந்த இடைவெளிதான் இது நடக்காமல் போகலாம் என்று சந்தை போடும் கணக்கு. அந்த இடைவெளியைப் பிடிக்கக் கடன் வாங்கிப் பங்கு சேர்ப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பங்கை ஒப்படைக்க முடிவு செய்தால் தேதிகளைக் கவனியுங்கள். அமெரிக்க விதிப்படி, பங்கை ஒப்படைக்கச் சொல்லும் இத்தகைய அழைப்பு குறைந்தது 20 வேலை நாள் திறந்திருக்கும். அது முடியும்வரை, ஒப்படைத்த பங்கைத் திரும்பப் பெறும் உரிமையும் உண்டு. ஆகவே முதல் வாரத்திலேயே ஒப்படைக்க அவசரப்பட வேண்டியதில்லை. விலை உயர்ந்தால் முன்பே ஒப்படைத்தவர்களுக்கும் உயர்ந்த விலைதான். ஆனால் உங்கள் தரகு நிறுவனம் தன் வேலையை முடிக்க, அதிகாரபூர்வக் கெடுவுக்கு முன்பே தனக்கென ஒரு கெடு வைத்திருக்கும். அறிவிப்பின் முதல் பக்கத்தில் இருப்பது அந்தத் தேதி அல்ல. தரகரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கெடு நீட்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் மறுபடி கேளுங்கள்.